தங்கப்பழம் முறை

தங்கப்பழம் சாருக்கு மிஷின்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. தொட்டால் எழுதும் பலகை, தானே திருத்தும் பேனா, தமிழில் பேசிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெட்டி என்று இருபத்தாறு வருஷத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். எதுவும் அரையாண்டுத் தேர்வைத் தாண்டவில்லை. எல்லாம் பீரோவுக்குப் போய்ப் பூட்டிக்கொண்டன. அவருடைய ரோஸ் தாள் மட்டும் பீரோவுக்குப் போகவில்லை. இருபது கணக்குகள், வரிக்கு வரி விடையோடு, முன்னும் பின்னும் அச்சடித்து லேமினேஷன் போட்டது. அதை நெட்டுருப் போட்டால் எப்பேர்ப்பட்ட மரமண்டையும் பத்தாம் வகுப்புக் கணக்கில் கரையேறிவிடும் என்பது தூத்துக்குடி வட்டாரத்துக்கே தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பள்ளியில் கணக்கில் ஒரு பிள்ளைகூடத் தவறியதில்லை.

அதனால் 2041 நவம்பரில், ஹசீனா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் ஒரு சின்னப் பெட்டியோடு சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது, அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னாரே தவிர, மனசுக்குள் பீரோவில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது தடங்காட்டி. நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டை, அதோடு உள்ளங்கையளவுத் திரை, இப்படி எட்டு ஜோடி. கணக்குப் போடும்போது பிள்ளையின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் திரையில் கோடாக வரையும். மனசையே படித்துவிடுமா என்று தலைமையாசிரியர் எமர்சன் கொஞ்சம் பயத்தோடு கேட்டார். அவருக்கு மனசில் என்னென்ன இருந்ததோ.

"அதெல்லாம் படிக்காது சார்," என்றாள் ஹசீனா. "எந்த எண்ணை எப்ப தொட்டாங்க, எதை எதோட சேர்த்தாங்க, எங்க நின்னாங்க, அவ்வளவுதான். யோசிச்சா நீலம். ஞாபகத்துலேர்ந்து எடுத்தா மஞ்சள். பயந்தா சிவப்பு. கணக்கு வராத பிள்ளைங்க எங்க வழி தவறுறாங்கன்னு இதுவரைக்கும் யாரும் பார்த்ததே இல்ல."

இதன் பின்னால் ஒரு அரசாணை இருந்தது. நவம்பரில் ஒரு தடம், பிப்ரவரியில் ஒரு தடம். இரண்டிலும் 'தீவிர சிரமம்' என்று வந்தால் அந்தப் பிள்ளைக்குக் கணித விலக்குச் சான்றிதழ். கணக்குப் பரீட்சை எழுத வேண்டாம், எழுதவும் முடியாது, மற்ற பாடங்களில் தேறினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழ் வாங்கினவர்களுக்கு ஐ.டி.ஐ. கிடையாது, பாலிடெக்னிக் கிடையாது, நர்சிங்கும் கிடையாது. ஆயுசுக்கும் கூடவே வரும் முத்திரை அது. எமர்சனுக்கு அதில் வருத்தம் இல்லை. விலக்குப் பெற்றவர்கள் தேர்ச்சிக் கணக்கில் சேரமாட்டார்கள் என்பதை அவர் இரண்டு தடவை படித்து உறுதிசெய்துகொண்டார்.

கணக்கு வராதவர்களைச் சேர்த்துவைத்திருந்த டி பிரிவில் இருந்து பதினொரு பேரைத் தங்கப்பழம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பட்டியலில் முதல் பெயர் மரிய ஜெபா. அம்மா உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போகிறவள். பெண்ணுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கிரேனுக்கு டிப்ளமோ வேண்டும், டிப்ளமோவுக்குக் கணக்கு வேண்டும், கணக்கிலோ அவள் அந்த வருஷம் வாங்கியது பதினொன்று, ஒன்பது, பதினான்கு. ரோஸ் தாளைக் கொடுத்தால் பாதி வரியில் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்தாலே தங்கப்பழத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடம் அவளுடையதுதான். கணக்கு சுலபமானது: ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 36, நீளம் அகலத்தைவிட 4 அதிகம், பரப்பு என்ன? ரோஸ் தாளில் பதினாலாம் கணக்கு. ஆறு நிமிஷம் கொடுத்தார்கள். மணி அடித்தபோது ஜெபாவின் தாள் வெள்ளையாக இருந்தது. தங்கப்பழம் சிவப்புப் பேனாவை எடுத்துப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

"சார், திரையைக் கொஞ்சம் பாருங்க," என்றாள் ஹசீனா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

திரை முழுக்க நீலம். கோடு முப்பத்தாறில் பாதியான பதினெட்டில் ஆரம்பித்து ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரிந்து, பத்தும் எட்டுமாக நகர்ந்து, பதினொன்றும் ஏழும் என்று வந்திருந்தது. அங்கே எழுபத்தேழு. சரியான விடை. நாற்பதாவது விநாடியிலேயே வந்துவிட்டது. ஆனால் கோடு அங்கே நிற்கவில்லை. பன்னிரண்டும் ஆறும், பதிமூன்றும் ஐந்தும் என்று போய்க்கொண்டே இருந்தது.

தங்கப்பழம் திரும்பி ஜெபாவைப் பார்த்தார். "என்னட்டி இது?"

"தள்ளித் தள்ளிப் பாத்தேன் சார்," என்றாள் அவள், அடி விழுமோ என்ற தினுசில். "ஒம்பதும் ஒம்பதும்னா எம்பத்தொண்ணு. ஒண்ணு தள்ளுனா ஒண்ணு குறையுது. ரெண்டு தள்ளுனா நாலு குறையுது. மூணு தள்ளுனா ஒம்பது, நாலு தள்ளுனா பதினாறு. ஏன் அப்பிடிக் குறையுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தனா, மணி அடிச்சிட்டு."

"விடைய எழுத வேண்டியதுதான?"

"அது எழுபத்தேழுன்னு அப்பவே தெரிஞ்சிட்டுல்லா சார்."

தங்கப்பழத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏ ப்ளஸ் பி இன்ட்டு ஏ மைனஸ் பி, ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர். இருபத்தாறு வருஷமாக அவர் பலகையில் எழுதி, கோரஸாகச் சொல்லவைத்து, சொல்லாதவனை வெளியே நிறுத்திய சூத்திரம். அதைத்தான் இந்தப் பெண் ஆறு நிமிஷத்தில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். சூத்திரத்தைச் சொல்லச் சொன்னார். மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஒன்பதை ஏ என்று வைத்துக்கொள், தள்ளியதை பி என்று வைத்துக்கொள் என்றார். ஜெபா விரலால் மேசைமேல் எழுதிப் பார்த்தாள்.

"அப்ப அதுக்குள்ள இதா சார் இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். அவர் வகுப்பில் கணக்கைக் கேட்டு ஒரு பிள்ளை சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் கையில் அந்தப் பூஜ்யம் போட்ட தாள் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஏ பிரிவுப் பிள்ளைகளைக் கேட்டாள் ஹசீனா. காலாண்டுத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய எட்டுப் பேரை அவர் பெருமையோடு அனுப்பிவைத்தார். அதே கணக்கு. எட்டுப் பேரும் ஒரு நிமிஷத்துக்குள் முடித்தார்கள், படிகளோடு, அடிக்கோட்டோடு. எட்டுத் திரையிலும் ஒரே மஞ்சள் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. ஓர் இடத்தில்கூட நீலம் இல்லை.

பிறகு ஹசீனா வேறொன்று கேட்டாள். சுற்றளவு 36 உள்ள செவ்வகங்களில் எதற்குப் பரப்பு அதிகம், ஏன்? முதல் ரேங்க் வாங்கும் பெண் கையை உயர்த்தி, இது எந்தப் பாடத்தில் வருகிறது மேடம் என்று கேட்டாள். மற்ற ஏழு பேரும் அதையே கேட்க நினைத்தவர்கள்போல் நிமிர்ந்தார்கள். திரைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

"உங்க மிஷின்ல ஏதோ கோளாறு," என்றார் தங்கப்பழம். "எனக்குக் கட்டுங்க, பாப்போம்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. செவ்வகங்களில் சதுரத்துக்குத்தான் பரப்பு அதிகம் என்று கேள்வி முடியும் முன்பே சொன்னார். மஞ்சள். சூத்திரம் சொன்னார். மஞ்சள். ஏன் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள் சார் என்றாள் ஹசீனா. அவர் வாயைத் திறந்தார். திரையில் மஞ்சள் அங்குமிங்கும் அலைந்தது, ரோஸ் தாளின் ஒவ்வொரு கணக்காகத் தட்டிப் பார்த்தது, பிறகு சிவந்தது. நடுவில் கடுகளவு நீலம் ஒன்று வந்து பதினொரு விநாடி இருந்துவிட்டு அணைந்துபோனது. நேற்றுத்தான் ஜெபா அவருக்கு அதைச் சொல்லியிருந்தாள். ஒன்று தள்ளினால் ஒன்று குறைகிறது. அது அப்போது ஞாபகத்துக்கு வரவேயில்லை.

பட்டையை அவரே கழற்றி மேசையில் வைத்தார். ஐம்பத்து நான்கு வயசில், தனக்குக் கணக்குத் தெரியாது என்று ஒரு மனுஷனுக்குத் தெரியவந்தால் அவன் என்ன செய்வான்? தங்கப்பழம் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆனால் உண்மையான அடி அதற்கு மறுவாரம்தான் விழுந்தது. முடிவுத்தாள் வந்தது. ஏ பிரிவு எட்டுப் பேரும் 'சிரமம் இல்லை'. ஜெபா: 'தீவிர சிரமம்'. பதினொரு பேரிலும் ஆக மோசமான மதிப்பு அவளுக்குத்தான்.

தங்கப்பழம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே ஹசீனாவிடம் போனார். இது என்ன அநியாயம் என்று கேட்டார். ஹசீனாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் காலையிலேயே அதைப் பார்த்திருந்தாள்.

"நூத்துக்கு நூறு வாங்கின பத்தாயிரம் பிள்ளைங்களோட தடத்தைச் சேர்த்து ஒரு நேர்த்தடம் போட்டோம் சார். அதுலேர்ந்து எவ்வளவு விலகுதோ அவ்வளவு சிரமம்னு கணக்கு. அந்தப் பத்தாயிரமும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்கு வேகம் அதிகம், அதான் மஞ்சள்னு நினைச்சோம்."

"எந்த மடையன் அப்பிடி நெனச்சான்?"

"நான்தான் சார்," என்றாள் ஹசீனா.

அதற்கு மேல் அவரால் கோபப்பட முடியவில்லை. மாற்ற முடியாதா என்று கேட்டார். பார்த்த உடனே மேலிடத்துக்கு எழுதிவிட்டாளாம், ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்துவிட்டதாம். அடுத்த வருஷம் ஜெபா உப்பளத்தில் இருப்பாள். பிப்ரவரித் தடம் நேராக வந்தால் மட்டும் தப்பிக்கலாம். ஆனால் தடத்துக்கென்று பிள்ளையைப் பழக்குவது குற்றம். தெரிந்தால் அவள் எழுதும் பரீட்சை செல்லாது, விலக்கு நிரந்தரம்.

ஹசீனா பட்டைகளையும் திரைகளையும் பெட்டியில் வைத்தாள். பெட்டியைப் பூட்டவில்லை. பிப்ரவரி வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

தங்கப்பழம் ஜெபாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். உன் தலை நல்ல தலை, இந்த மிஷினுக்குத்தான் அது ஆகவில்லை என்றார். சான்றிதழை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாயா, பிப்ரவரித் தடத்தை நேராக்கிப் பரீட்சை எழுதுகிறாயா என்று கேட்டார்.

"எழுதணும் சார்," என்றாள் ஜெபா. யோசிக்கவே இல்லை.

பள்ளி விட்டபின் தினமும் ஒரு மணி நேரம். அவள் நெற்றியில் பட்டை. அவர் கையில் ஸ்கேல். ரோஸ் தாளின் முதல் கணக்கில் ஆரம்பித்தார். திரையில் நீலம் தலைகாட்டியதும் மேசையில் ஸ்கேலால் ஒரு தட்டு. ஜெபா திடுக்கிடுவாள், சிவப்பு பரவும், நீலம் செத்துப்போகும். மறுபடி முதல் வரி. அவர் வாழ்க்கையில் அதுவரை செய்ததும் இதைத்தான். அப்போது திரை இல்லை, அதனால் எதை அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தார். இப்போது தெரிந்தே அடித்தார். அந்த ஒரு மணி நேரம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது அவருக்கு அழுகை வரும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் ஜெபா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண் பளபளக்க, "சார், இதுலயும் அதே மாதிரி குறையுது பாருங்க," என்றாள். இருபடிச் சமன்பாட்டுக் கணக்கு. திரை முழுக்க நீலம் பொங்கிக்கொண்டு வந்தது. அவருக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. எங்கே குறைகிறது, எப்படிக் குறைகிறது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. பிப்ரவரிக்கு நாற்பது நாள்தான் பாக்கி.

ஸ்கேலை ஓங்கித் தட்டினார். "அங்க பாக்காத. மொத வரி."

ஐந்தாவது வாரத்தில் ஸ்கேல் தேவைப்படவில்லை. நீலம் வரும் இடத்தில் தானாகவே ஒரு சின்னச் சிவப்பு வந்து அதை அமுக்கியது. ஏழாவது வாரத்தில் அந்தச் சிவப்பும் இல்லை.

பிப்ரவரித் தடம் எடுக்க ஹசீனா வந்தாள். ஐந்து கணக்குகள். ஜெபா நாலரை நிமிஷத்தில் முடித்துப் பேனாவை மூடினாள். திரையில் ஒரே மஞ்சள் கோடு. 'சிரமம் இல்லை' என்று மிஷின் சொன்னதும் எமர்சன் கைதட்டினார், லட்டு வரவழைத்தார். ஹசீனா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, கிளம்பும்போது மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவளும் தங்கப்பழமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. ஜெபா கணக்கில் அறுபத்தெட்டு.

ஜூன் முதல் வாரத்தில் சென்னைக் கல்வித் துறையிலிருந்து ஒரு தடித்த உறை தங்கப்பழத்தின் பெயருக்கே வந்தது. எமர்சன்தான் பிரித்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. மாநிலம் முழுவதும் எடுத்த தடங்களில், தீவிர சிரமத்திலிருந்து பூரணமாகக் குணமான பிள்ளை ஒரே ஒருத்திதான். அவளுடைய நவம்பர்த் தடமும் பிப்ரவரித் தடமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. நீலத்துக்குக் கீழே 'சிகிச்சைக்கு முன்' என்றும், மஞ்சளுக்குக் கீழே 'சிகிச்சைக்குப் பின்' என்றும் போட்டிருந்தார்கள். அவளைக் குணமாக்கிய ஆசிரியர் எதைக் கையாண்டிருந்தாலும் அதற்குத் தங்கப்பழம் முறை என்று பெயரிட்டு, வரும் கல்வியாண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பிலிருந்தே நடைமுறைப்படுத்துவதாக முடிவு. கூடவே ஒரு படிவம். முறையை விவரித்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

தங்கப்பழத்துக்குக் காது அடைத்துப்போனது. எமர்சன் அவர் தோளைத் தட்டியது, யாரோ காபி கொண்டுவந்தது, எல்லாம் எங்கேயோ நடப்பதுபோல் இருந்தது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தப்பைச் செய்தோம் என்று நினைத்திருந்தார். ஆறாம் வகுப்பு என்றால் பதினொரு வயசு. மாநிலம் முழுக்க எத்தனை பிள்ளைகள் இருக்கும் என்று கணக்குப் போட முயன்றார், முடியவில்லை.

இது சிகிச்சை இல்லை, நான் பிள்ளையின் யோசனையை அடித்துக் கொன்றேன் என்று ஒரு தாளில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு ஹசீனாவுக்குப் போன் பண்ணி வாசித்துக் காட்டினார்.

"அனுப்புங்க சார், உண்மைதானே," என்றாள் ஹசீனா. "ஆனா சிகிச்சைன்னா தப்பில்ல, சிகிச்சை இல்லன்னு எழுதி அனுப்பினா தடத்துக்காக ஜெபாவைப் பழக்கினீங்கன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அவ மார்க்கு போயிடும். சான்றிதழ் வந்துடும். நான் சொன்னாலும் அதேதான் சார். ஏழு நாளா நானும் ஒரு கடிதத்தை எழுதி வச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

அடுத்த நாள் மத்தியானம் ஜெபாவே பள்ளிக்கு வந்தாள். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது. சேர்க்கைக் கடிதத்தைக் காட்ட வந்திருந்தாள். அம்மா வாசலில் நின்று இரண்டு கையாலும் கும்பிட்டாள். தங்கப்பழம் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே போய்க் கணக்கைப் பார்த்துப் பயப்படாதே ஏட்டி என்று சொல்லிவைத்தார்.

"இப்ப பயமே இல்ல சார்," என்றாள் ஜெபா. "முன்னெல்லாம் ஒரு கணக்கப் பாத்தா தலைக்குள்ள என்னென்னமோ ஓடிக்கிட்டே கெடக்கும், விடாது. இப்ப ஒண்ணுமே ஓடல. நிம்மதியா இருக்கு. நீங்கதான் சார் சரி பண்ணுனீங்க."

காலில் விழ வந்தவளை அவர் பதறிப்போய்த் தடுத்தார். தாயும் மகளும் கேட்டைத் தாண்டிப் போகும்வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, நேற்று எழுதிய தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஸ்கேல், நேரம், எத்தனை வாரம் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். எந்த இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை.

கடைசிக் கேள்வி: 'இம்முறையால் மாணவரிடம் பாதகமான மாற்றம் ஏதேனும் காணப்பட்டதா?'

இல்லை, நிம்மதியாக இருக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.